படத்துக்கு பிரேம் போட நல்ல கடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிரேம் கடைக்கு முதன்முறையாகச் செல்பவர்கள் பெரும்பாலும் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் மாதிரித் துண்டுகளைப் பார்த்து, அவற்றில் ஒன்று பிடித்துப்போனால் விலை கேட்டு, படத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்தச் சட்டம் படத்தின் மேல் அநேகமாகப் படுவதே இல்லை. படத்தோடு ஆண்டுக்கணக்கில் ஒட்டிக் கிடப்பவை பின்னால் வைக்கும் அட்டையும், முன்னால் ஓரம் கட்டும் மவுண்ட் அட்டையும், படத்தைப் பிடித்து வைக்கும் பசை அல்லது டேப்பும்தான். பிரேமை மூடிய பிறகு இவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாது என்பதால், செலவைக் குறைக்க நினைக்கும் கடை முதலில் கைவைப்பதும் இவற்றில்தான். ஆகவே ஒரு பிரேம் கடையை எடைபோட விரும்புபவர், அங்கே செய்து முடித்து வைத்திருக்கும் பிரேமைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைக்கு முன் படம்

எல்லாப் படங்களுக்கும் உயர்தர வேலை தேவைப்படுவதில்லை. மீண்டும் அச்சிட்டுக்கொள்ளக்கூடிய சுவரொட்டிக்கும், கணினியில் மூலக்கோப்பு பத்திரமாக இருக்கும் நிழற்படத்துக்கும் ஆயத்தமாக விற்கும் பிரேமே போதும்; அதற்காகத் தேர்ந்த கைவினைஞரைத் தேடி அலைவது வீண் அலைச்சல். கையால் வரைந்த ஓவியம், நெகட்டிவ் தொலைந்துபோன பழைய நிழற்படம், கையெழுத்திட்ட ஆவணம், ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த பூத்தையல் போன்றவை வேறு வகை. இது கெட்டுப்போனால் இன்னொன்று கிடைக்குமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கிடைக்காது என்பது பதிலானால், இந்தக் கட்டுரையில் வரும் எல்லாச் சோதனைகளும் உங்களுக்கு வேண்டியவை.

அடுத்து, அந்தப் படம் எதனால் ஆனது என்பதை ஓரளவுக்கேனும் தெரிந்துகொண்டு செல்வது நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு பொருளுக்கும் பிரேமுக்குள் வெவ்வேறு தேவை இருக்கிறது. நீர்வண்ண ஓவியம் ஒளியில் வெளிறும். கரித்துண்டாலும் பாஸ்டல் என்னும் வண்ணப்பொடிக் குச்சியாலும் வரைந்தவை தொட்டால் உதிரும். ஜெலட்டின் பூச்சுள்ள நிழற்படங்கள் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் வண்ண ஓவியத்துக்குப் பொதுவாகக் கண்ணாடி போடுவதில்லை, அதுவும் அண்மையில் வரைந்ததாக இருந்தால் வண்ணம் முழுமையாக உலர்வதற்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரைகூட ஆகலாம். துணியில் செய்த வேலையை அட்டையில் ஒட்டாமல், துணி பொதிந்த பலகையின் மேல் வைத்துத் தைக்க வேண்டும்.

படத்தை வெளியே எடுத்துச் செல்லும் முன் பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருந்த மடிப்பு எது, கடையில் விழுந்த மடிப்பு எது என்ற பேச்சு பின்னால் வந்தால், அந்தப் படங்களைத் தவிர வேறு சாட்சி உங்களுக்கு இருக்காது. நீள அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்வதும் அவசியம். அதன் காரணம் பின்னால் வருகிறது.

யாரிடம் கேட்பது

தேடுபொறியில் முதலில் வரும் கடையைவிட, அடிக்கடி பிரேம் போடும் தேவை உள்ளவர்கள் சொல்லும் கடையே நம்பத்தக்கது. ஓவியர்கள், நிழற்படக் கலைஞர்கள், ஓவிய ஆசிரியர்கள், கலைக்கூடங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் வேலை செய்பவர்கள் ஆகியோரிடம் கேட்டால் இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். கேட்கும் விதத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘நல்ல கடை ஏதாவது தெரியுமா’ என்று கேட்டால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடையைச் சொல்லிவிடுவார்கள். ‘பத்து வருடங்களுக்கு முன் பிரேம் போட்ட படம் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா, அது இப்போது எப்படி இருக்கிறது’ என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

இணையத்தில் வாடிக்கையாளர்கள் கொடுக்கும் நட்சத்திரங்களை நான் இந்த விஷயத்தில் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிரேமை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்திலேயே பாராட்டு எழுதிவிடுகிறார்கள், ஆனால் மோசமான அட்டையின் கறை தெரியவரச் சில ஆண்டுகள் பிடிக்கும். அந்தக் குறிப்புகளால் ஒரு பயன் உண்டு. வேலை தாமதமானபோதும், அளவு தவறியபோதும், கண்ணாடி உடைந்தபோதும் கடைக்காரர் எப்படி நடந்துகொண்டார் என்பதை அங்கே ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

வெறுங்கையோடு ஒரு முறை

பட்டியலில் உள்ள கடைகளுக்கு முதல் முறை படத்தை எடுத்துச் செல்லாதீர்கள். கையில் படம் இருந்தால் அன்றே கொடுத்துவிட்டு வரலாம் என்ற அவசரம் வந்துவிடும், கடைக்காரரும் உடனே விலை பேசத் தொடங்கிவிடுவார். வெறுங்கையோடு போய், ‘ஒரு படத்துக்கு பிரேம் போட வேண்டும், உங்கள் வேலையைப் பார்க்கலாமா’ என்று கேட்டால் போதும். காட்டத் தயங்கும் கடையில் உங்களுக்கு வேலை இல்லை.

முதலில் மூலைகளைப் பாருங்கள். நான்கு சட்டத் துண்டுகளையும் 45 பாகையில் அறுத்து, பசையிட்டு, பின்புறத்தில் வி வடிவ ஆணி அடித்து இணைப்பதே வழக்கமான முறை. கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவுவது உறுதியான சோதனை. மூலைக் கோட்டின் குறுக்கே விரல் நுனியை மெல்ல நகர்த்தும்போது ஒரு பக்கம் சற்றே உயர்ந்து விரலில் தட்டினால், அறுப்பு சரியில்லை அல்லது சட்டமே முறுக்கியிருக்கிறது. இடைவெளியை மக்கு என்னும் வண்ண அடைப்புப் பசை வைத்து அடைத்திருந்தால், வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடிக்கும்போது அந்தக் கோடு மட்டும் மங்கலாகத் தெரியும். மெல்லிய கோடளவு மக்கு எல்லாக் கடைகளிலும் உண்டு, அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது; தீப்பெட்டிக் குச்சி நுழையும் இடைவெளியை மக்கால் மறைத்திருப்பதுதான் குற்றம்.

பிறகு மவுண்ட் அட்டையில் வெட்டிய சாளரத்தைப் பாருங்கள். அதன் உள்விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டு, வெள்ளையான மெல்லிய கோடுபோல் தெரியும். அந்தச் சாய்வு நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். மூலைகளில் கத்தி தாண்டிப்போன கீறல் இருக்கிறதா, அல்லது கத்தி எட்டாமல் விட்ட இடத்தைப் பிய்த்து எடுத்ததால் நார் நாராக நிற்கிறதா என்று கவனித்தால், வெட்டியவரின் கைப்பழக்கமும் அவர் கத்தித் தகடு மாற்றும் பழக்கமும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

இப்போது பிரேமைத் திருப்பச் சொல்லுங்கள். பின்பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் உள்ள சந்து முழுவதும் டேப்பாலோ காகிதத்தாலோ மூடப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் தூசியும் இராமபாணப் பூச்சியும் நுழைவது அந்த வழியாகத்தான். மாட்டும் வளையங்கள் சட்டத்தில் திருகாணியால் முடுக்கப்பட்டிருக்க வேண்டும்; பின்பலகையிலேயே வளையத்தைக் குத்தி வைத்திருந்தால், படத்தின் முழு எடையும் அந்த மெல்லிய பலகையின் மேல்தான் தொங்கும். கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் அல்லது ஃபெல்ட் குமிழ்கள் ஒட்டியிருந்தால், சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்றோட்டம் வேண்டும் என்று அந்தக் கடை யோசித்திருக்கிறது என்று பொருள். கேட்காமலே இதையெல்லாம் செய்யும் கடை உள்ளேயும் ஒழுங்காகச் செய்திருக்க வாய்ப்பு அதிகம்.

வேலை நடக்கும் மேசையையும் ஒரு பார்வை பாருங்கள். மரத்தூள் பறக்கும் அதே மேசையில் வாடிக்கையாளரின் ஓவியம் திறந்து கிடந்தாலோ, தேநீர்க் கோப்பை அதன் அருகே இருந்தாலோ, நாளை உங்கள் படமும் அப்படித்தான் கிடக்கும். சில கடைகள் வேலையை அங்கே செய்வதில்லை, வேறொரு பட்டறைக்கு அனுப்பிவிடுகின்றன. அதில் தவறில்லை என்றாலும், படம் எத்தனை கைகள் மாறும், வழியில் சேதமானால் பொறுப்பு யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே வைப்பவை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கடைகளுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

மலிவான மவுண்ட் அட்டை மரக்கூழால் ஆனது. அதில் உள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் நாளடைவில் சிதைந்து அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலம் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காகிதத்துக்கும் பரவும். பழைய பிரேமைப் பிரித்தால், அட்டையின் உள்விளிம்பு பட்ட இடத்தில் படத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டம் விழுந்திருப்பதைக் காணலாம். சாய்வாக வெட்டிய விளிம்பும் வெள்ளை மாறி மஞ்சளாகியிருக்கும். இதைத் தவிர்க்கப் பருத்தி இழையாலோ லிக்னின் நீக்கிய கூழாலோ செய்த அட்டைகள் இருக்கின்றன. அமிலமற்ற அட்டை என்று எல்லாக் கடைகளும் சொல்லும் என்பதால் அந்தச் சொல்லோடு நின்றுவிடக் கூடாது. அமிலத்தைச் சோதிக்கும் பேனா ஒன்று உண்டு. அட்டையின் வெட்டு விளிம்பில் அதனால் கோடு போட்டால், அமிலம் இருந்தால் மஞ்சளாகவும், இல்லையென்றால் ஊதாவாகவும் மாறும். ஆனால் மரக்கூழ் அட்டையில் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்திருந்தாலும் கோடு ஊதாவாகத்தான் வரும். அதனால் ‘இது பருத்தியா, லிக்னின் நீக்கியதா, வெறுமனே சுண்ணாம்பு சேர்த்ததா’ என்ற கேள்விதான் சரியான கேள்வி. நிழற்படமாக இருந்தால், ஐ.எஸ்.ஓ. 18916 என்னும் தரத்தின்படி நிழற்படங்களுக்கு ஏற்றதெனச் சோதிக்கப்பட்ட அட்டை இருக்கிறதா என்றும் கேட்கலாம். தேர்ந்த கடைக்காரர் அட்டை மாதிரிப் புத்தகத்தை எடுத்துப் பின்பக்கத்துக் குறிப்பைக் காட்டுவார். பின்பலகைக்கும் இதே கேள்வி பொருந்தும். மரத்தூள் நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையைப் பின்னால் வைக்கத்தான் போகிறார்கள் என்றால், அதற்கும் படத்துக்கும் நடுவே நல்ல அட்டை ஒன்றையாவது வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி, படத்தை எப்படிப் பிடித்து வைப்பார்கள் என்பது. காகிதம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். நான்கு பக்கமும் டேப் ஒட்டி இறுக்கினால் அதற்கு நகர இடமில்லாமல், மழைக்காலம் வந்ததும் அலை அலையாக மடங்கி நிற்கும். ஆகவே படத்தை மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிடுவார்கள். மெல்லிய, நீண்ட இழையுள்ள ஜப்பானியக் காகிதத்தில் இரண்டு சிறு துண்டுகளைக் கிழித்து எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு பாதியைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் படத்தின் பின்புற மேல் ஓரத்தில் ஒட்டி, மறுபாதியைப் பின்னட்டையில் பொருத்துவதே பழகிய முறை. கத்தரிக்காமல் கிழிப்பதற்கும் காரணம் உண்டு. கிழித்த விளிம்பு மெலிந்து முடிவதால், படத்தின் முன்பக்கத்தில் அதன் தடம் எழும்பாது. வேண்டும்போது சிறிது ஈரம் காட்டி அந்தக் காகிதத்தை எடுத்துவிடலாம். படத்தில் பசையே படக்கூடாது என்றால், நான்கு மூலைகளையும் காகித உறைகளில் செருகி வைக்கும் முறையும் இருக்கிறது.

செலோ டேப்பும் மாஸ்கிங் டேப்பும் இதற்கு நேர்மாறானவை. அவற்றின் பசை காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும். டேப் காய்ந்து தானாக உதிர்ந்த பிறகும் கறை போகாது. படம் சுருக்கமில்லாமல் தட்டையாக நிற்க வேண்டும் என்பதற்காக, ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்திப் பலகையோடு ஒட்டிவிடும் முறையும் பரவலாக உண்டு. சுவரொட்டிக்கு அது தாராளமாகப் போதும், பார்க்கவும் அழகாக இருக்கும். மூல ஓவியத்துக்கும் பழைய நிழற்படத்துக்கும் அதைச் செய்யவே கூடாது, ஏனென்றால் ஒட்டியதைச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். ‘நாளைக்கு இதைப் பிரிக்க வேண்டி வந்தால் படம் இப்போது இருப்பதுபோலவே வெளியே வருமா’ என்று கேளுங்கள். நான் ஒரு கடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைத்தான் கேட்பேன்.

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். என் பெற்றோரின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை, மவுண்ட் அட்டை வைத்தால் பிரேம் பெரிதாகிவிடும் என்ற எண்ணத்தில், நேரடியாகக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து ஒரு கடையில் பிரேம் போட்டுக்கொண்டேன். கடைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை. சில ஆண்டுகள் கழித்து அம்மாவின் தோளருகே எண்ணெய் பட்டதுபோல் ஒரு பளபளப்பு தெரிந்தது. துடைத்தால் போய்விடும் என்று பிரேமைத் திறந்தேன். ஈரத்தை உறிஞ்சி இளகிய ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டியிருந்தது, நான் காகிதத்தை லேசாகத் தூக்கியதும் விரல் நகம் அளவுக்கு உரிந்து கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அப்படி ஒட்டிக்கொண்ட படம் உங்களிடம் இருந்தால் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, பிறகு ஆவணப் பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். மவுண்ட் அட்டை பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் கொண்டது, அந்த இடைவெளிதான் படத்தைக் காப்பாற்றுகிறது. அட்டை வேண்டாம் என்றால், கண்ணாடிக்குப் பின்னால் சட்டத்தின் ஓரமாகச் செருகும் இடைவெளிப் பட்டையைக் கேட்கலாம்.

கண்ணாடி வகைகளைப் பொறுத்தவரை மூன்று செய்திகள் தெரிந்தால் போதும். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். அதற்கெனச் செய்த கண்ணாடிகள் 97 முதல் 99 விழுக்காடு வரை தடுப்பதாகத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அப்படியிருந்தும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே வண்ணத்தை வெளிறச் செய்யும் என்பதால், எந்தக் கண்ணாடி போட்டாலும் வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. இரண்டாவது, எதிரொளி குறைக்கும் கண்ணாடியில் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியது ஒரு வகை, மெல்லிய பூச்சுக் கொடுத்தது மற்றொரு வகை. முதல் வகை மலிவானது, ஆனால் படத்தை மங்கலாக்கும். மூன்றாவது, அக்ரிலிக் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு கண்ணாடியின் எடையில் ஏறத்தாழ பாதிதான். 70 க்கு 100 செ.மீ. அளவுள்ள படத்துக்கு 2 மி.மீ. கண்ணாடி மூன்றரை கிலோ எடை வரும், அதே தடிமனில் அக்ரிலிக் ஒன்றே முக்கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். பெரிய படத்துக்கும் குழந்தைகள் நடமாடும் அறைக்கும் அது ஏற்றது. ஆனால் எளிதில் கீறல் விழும், நிலைமின்சாரத்தால் துகள்களை இழுக்கும் என்பதால் கரி, பாஸ்டல் ஓவியங்களுக்குச் சாதாரண அக்ரிலிக்கைப் போடக் கூடாது. கரி ஓவியத்தைப் பார்த்தும் அக்ரிலிக்கைப் பரிந்துரைக்கும் கடைக்கு மற்ற விஷயங்களும் அவ்வளவாகத் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்பது சங்கடமாக இருந்தால் சுருக்கமாகக் கேட்கவும் வழி இருக்கிறது. பிரிட்டனில் உள்ள ஃபைன் ஆர்ட் டிரேடு கில்டு என்னும் தொழில் அமைப்பு, பிரேம் வேலையை அருங்காட்சியகத் தரம், பாதுகாப்புத் தரம், பாராட்டுத் தரம், சிக்கனத் தரம், குறைந்தபட்சத் தரம் என ஐந்து படிகளாக வகுத்திருக்கிறது. உங்கள் ஊர்க் கடைக்கு அந்த அமைப்போடு தொடர்பு இருக்க வேண்டியதில்லை. ‘பாதுகாப்புத் தரத்தில் செய்து தருவீர்களா, அதற்கு என்னென்ன மாற்றுவீர்கள்’ என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் சொல்லும் பதிலில் அட்டை, ஒட்டும் முறை, கண்ணாடி ஆகிய மூன்றும் வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

கடைக்காரர் உங்களைக் கேட்க வேண்டியவை

நல்ல கடையில் கேள்விகள் இரு பக்கமிருந்தும் வரும். எந்த அறையில் மாட்டப் போகிறீர்கள், எதிரே சன்னல் இருக்கிறதா, குளியலறையோ சமையலறையோ பக்கத்தில் இருக்கிறதா, சுவர் செங்கல்லா பலகையா, இந்தப் படம் மூலப்படமா பிரதியா என்றெல்லாம் கேட்காமல் விலை சொல்பவர், படத்தின் நீள அகலத்தை மட்டுமே பார்த்திருக்கிறார். உங்களுக்குத் தேவையில்லாததை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். ‘இது பிரதிதானே, சாதாரணக் கண்ணாடியே போதும்’ என்று ஒருவர் சொன்ன பிறகு, அவர் வேறொரு படத்துக்கு விலை உயர்ந்த கண்ணாடியைச் சொன்னாலும் நம்பி வாங்கலாம்.

படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய தருணங்களும் உண்டு. சட்டத்தின் அளவுக்குப் பொருந்துவதற்காக ‘ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாமா’ என்று கேட்டால், லேமினேஷன் செய்துவிட்டால் கவலையே இல்லை என்றால், பின்னால் எழுதியிருப்பது முக்கியமில்லை என்று அதன் மேலேயே பசை தடவப் பார்த்தால், கிழிந்த இடத்தைத் தானே ஒட்டிச் சரிசெய்து தருவதாகச் சொன்னால், நன்றி கூறிவிட்டு வெளியே வந்துவிடலாம். கிழிசலைச் சரிசெய்வது வேறு தொழில், அது நன்றாகத் தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. சட்டத்தைப் படத்துக்கு ஏற்ப வெட்டுவதுதான் பிரேம் போடுபவரின் வேலை. நீள அகலத்தை முன்பே அளந்து வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்: திரும்பி வரும் படம் சில மில்லிமீட்டர் குறைந்திருந்தால் உங்களால் கண்டுபிடித்துவிட முடியும்.

விலை எப்படி அமைகிறது

ஒரே படத்துக்கு மூன்று கடைகளில் மூன்று விலை சொல்வார்கள், அதை அப்படியே ஒப்பிட முடியாது. சட்டம் நீளத்தைப் பொறுத்தது, கண்ணாடியும் அட்டையும் பரப்பைப் பொறுத்தவை, கூலி தனி. 30 க்கு 40 செ.மீ. படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மவுண்ட் இல்லாமல் அதன் பரப்பு 1,200 சதுர செ.மீ. நான்கு பக்கமும் 6 செ.மீ. மவுண்ட் வைத்தால் வெளியளவு 42 க்கு 52 ஆகி, பரப்பு 2,184 சதுர செ.மீ. ஆகிவிடும், அதாவது 1.8 மடங்கு. சுற்றளவு 140 செ.மீ.யிலிருந்து 188 ஆகும். அதோடு முடிவதில்லை: 45 பாகையில் அறுக்கும்போது ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் சட்டத்தின் அகலம் அளவுக்குக் கூடுதலாக வேண்டும் என்பதால், மொத்தம் எட்டு மடங்கு அகலத்தைச் சேர்க்க வேண்டும். 3 செ.மீ. அகலச் சட்டமானால் 24 செ.மீ. கூடி 212 செ.மீ. வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தால், மவுண்டை 2 செ.மீ. குறைத்தால் விலை ஏன் இறங்குகிறது என்பதும், அகலமான சட்டம் ஏன் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலை காட்டுகிறது என்பதும் புரியும். சட்டம், மவுண்ட், கண்ணாடி, பின்பலகை, கூலி என்று தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். பணம் குறைவாக இருந்தால் சட்டத்தில் சிக்கனம் பிடியுங்கள், அட்டையில் பிடிக்காதீர்கள். சட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் சுவரின் நிறத்தை விட்டுவிட்டு, படத்தோடு எது சேர்கிறது என்று பாருங்கள். ஐயம் வந்தால் மங்கிய வெள்ளை மவுண்ட் எதையும் கெடுக்காது. மாதிரித் துண்டுகளைக் கடையின் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு சிறு வேலை

கடை பிடித்துப்போனாலும், மதிப்புமிக்க படத்தை எடுத்த எடுப்பில் கொடுக்க வேண்டாம். சிறிய பிரதி ஒன்றைக் கொடுத்து, அதே அட்டையும் அதே ஒட்டும் முறையும் வேண்டும் என்று சொல்லுங்கள். வேலை வந்ததும் வீட்டில் அதன் பின்புறத்தைப் பிரித்துப் பாருங்கள். மூடிய காகிதத்தைக் கிழிக்க மனம் வராதுதான், ஆனால் சொன்ன அட்டையை வைத்தார்களா, படத்தைப் பிடித்திருப்பது ஜப்பானியக் காகிதத் துண்டா டேப்பா என்பதை அறிய இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. நான் இப்படிப் பிரித்த ஒரு பிரேமுக்குள், பருத்தி அட்டை என்று சொன்ன இடத்தில் ஒரு பொட்டலப் பெட்டியின் நெளியட்டை இருந்தது, பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த அம்புக்குறிகூட அழியாமல் இருந்தது.

சிறு வேலை சரியாக வந்தால் பெரிய படத்தை எடுத்துச் செல்லுங்கள். ரசீதில் படத்தின் விவரம், அளவு, தற்போதைய நிலை, தேர்ந்தெடுத்த சட்டத்தின் எண், அட்டையின் வகை, ஒட்டும் முறை, கண்ணாடி வகை, தரும் தேதி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். படத்துக்கு என்ன மதிப்பு, சேதமானால் என்ன செய்வார்கள் என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது. படத்தைச் சுருட்டி எடுத்துச் செல்லாதீர்கள். இரண்டு தட்டையான அட்டைகளுக்கு நடுவே வைத்து, பையின் அகலம் போதுமானதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் நாளில்

பொட்டலம் கட்டுவதற்கு முன் பிரேமைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் கண்ணாடிக்கு உள்ளே சிக்கிய தூசியும் முடியும் தெரியும், அவற்றை அங்கேயே எடுத்துத் தரச் சொல்லலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மவுண்ட் சாளரத்தில் படம் நேராக இருக்கிறதா, கையெழுத்தோ தேதியோ அட்டைக்குக் கீழே மறைந்துவிட்டதா என்று பாருங்கள். மெதுவாக ஆட்டும்போது உள்ளே ஏதாவது ஓசை வந்தால் கண்ணாடி தளர்வாக இருக்கிறது. கடைசியாகத் திருப்பி, இந்த நான்கையும் பாருங்கள்: மூடிய சந்து, திருகாணி முடுக்கிய வளையம், வளையங்களுக்கு இடையே கட்டிய கம்பியின் இறுக்கம், கீழ்க் குமிழ்கள்.

வீட்டில் மாட்டும்போது ஒரே ஆணிக்குப் பதில் இரண்டு கொக்கிகளில் தொங்கவிட்டால் படம் அடிக்கடி கோணாது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு வசதியாக இருக்கும். ஈரம் ஊறும் வெளிச்சுவரையும் நேர் வெயிலையும் தவிர்த்துவிடுங்கள். அருங்காட்சியகங்களில் நீர்வண்ணத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் அளவு ஒளியையே பரிந்துரைக்கிறார்கள், நம் வீட்டுச் சன்னலருகே பகலில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துக்கொண்டு துடைக்க வேண்டும். நேரடியாகக் கண்ணாடியில் தெளித்தால் அது வழிந்து சட்டத்தின் கீழ் இடுக்கு வழியாக மவுண்ட் அட்டைக்குள் ஏறிவிடும். அக்ரிலிக் தகடாக இருந்தால் அம்மோனியா கலந்த திரவத்தைப் பயன்படுத்தக் கூடாது.

மாட்டுவதற்கு முன் இன்னொரு சிறு வேலை இருக்கிறது. கடையின் ரசீதை ஒரு நகல் எடுத்து, பிரேம் போட்ட தேதியோடு ஓர் உறையில் இட்டு, பின்புறக் காகிதத்தின் கீழ் மூலையில் ஒட்டிவிடுங்கள். உள்ளே எந்த அட்டை, எந்தப் பசை இருக்கிறது என்பது இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பிரேமைப் பிரிப்பவருக்குத் தேவைப்படும், அவர் அநேகமாக வேறொரு கடைக்காரராக இருப்பார்.